கையில் பற்றுச்சீட்டு, காரைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள் அல்லவா, அந்த அவசரத்தில் அட்வான்ஸ் கட்டிய ஆட்களில் நானும் ஒருவன். கொழும்பில் ஒரு விற்பனை நிலையம், பெயர் வேண்டாம். ஜப்பானில் ஏலத்தில் எடுத்த சின்னக் கார் ஒன்று, 85 லட்சம் என்று பேசி 15 லட்சம் கட்டினேன். ஏலத் தாளையும் காரின் உடலில் பதித்திருக்கும் அடையாள இலக்கமான செசி நம்பரையும் காட்டினார்கள். மூன்று மாதத்தில் கையில் கார் என்றார்கள்.

அப்புறம் தொடங்கியது அந்த விற்பனை நிலையத்துப் பையனின் போன் கதை. "அண்ணா, அடுத்த கிழமை ஹம்பாந்தோட்டைக்குக் கப்பல் வந்திடும்." அந்த அடுத்த கிழமை ஐந்து மாதமாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வரி கூடிவிட்டது, இன்னும் 9 லட்சம் தந்தால்தான் கார் என்றார்கள். அதே வாரம் எனக்குக் காட்டிய அதே செசி நம்பர் கார் இணையத்தில் 94 லட்சத்துக்கு விளம்பரத்தில் கிடக்கிறது! பார்த்தது என் மனைவி. எனக்கு அந்த இரவு சாப்பாடு இறங்கவில்லை.

என்னைப்போல் மாட்டியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: போனில் கதைத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். 1977 என்ற போன் நம்பருக்கு அழைத்து விசாரிக்கலாம், கொழும்பு வொக்ஸோல் வீதியில் உள்ள சபையின் அலுவலகத்துக்கும் போகலாம், ஆனால் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும். விசாரித்துப் பார்த்துப் பணத்தைத் திருப்பிக் கொடு, நட்டஈடு கொடு என்று வியாபாரிக்கு உத்தரவிடும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. கார்தான் கைக்கு வரவே இல்லையே, விற்பனை எங்கே நடந்தது என்று நான் வாதாடலாம்தான். ஆனால் அட்வான்ஸ் கட்டிய திகதியிலிருந்தே மூன்று மாதத்தை எண்ணியிருந்தால் அந்த வாதத்துக்கே வேலை இல்லை. அந்தப் பையனின் "அடுத்த கிழமை"தான் என் மூன்று மாதத்தைத் தின்றது. தெரிந்துதான் செய்தார்களோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சரி, அந்தக் காலம் தாண்டினாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை என்று புதுக்கடையில் உள்ள சட்டத்தரணி ஒருவர் விளக்கினார். வெள்ளைக்காரன் காலத்து 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. விற்கிறேன் என்று ஒப்புக்கொண்டவர் நியாயமில்லாமல் பொருளைத் தர மறுத்தால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், பேசிய விலைக்கும் தந்திருக்க வேண்டிய நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் பொதுவான கணக்காம். அதாவது அவர்கள் போட்ட 94 லட்சம் விளம்பரமே எனக்குச் சாட்சி. எழுத்திலுள்ள ஒப்பந்தம் என்றால் வழக்குக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சு என்றால் மூன்றுதான். அதனால் ஓடர் படிவம், பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்தி ஒன்றையும் அழிக்காதீர்கள், விளம்பரத்தைக் கண்டால் உடனே படம் பிடித்து வையுங்கள், என்னுடையது மறுநாளே காணாமல் போய்விட்டது.

என் படிவத்தின் அடியில் "வரி மாறினால் விலை மாறும்" என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது உண்மை, நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்ததும் உண்மை. ஆனால் வரி எப்போது, எவ்வளவு கூடியது என்று வர்த்தமானியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன், இன்றுவரை காட்டவில்லை. இனி ஓடர் கொடுக்கப் போகிறவர்கள் கார் தரும் திகதியையும், தராவிட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தால் எல்சியை, அதாவது இறக்குமதிப் பணத்துக்கு வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதத்தை, உங்கள் பெயரில் வங்கியில் திறக்கச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் நான் இனி ஐந்து சதமும் கட்ட மாட்டேன்.

போன வாரம் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் போட்டோம், 14 நாள் தவணை. நேற்று மாலை அதே பையன் போன் எடுத்தான். இப்போது அண்ணா இல்லை, சேர். முதலாளி பணத்தைத் திருப்பித் தருவது பற்றிக் கதைக்க வேண்டுமாம். எழுத்தில் அனுப்பச் சொல்லி போனை வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்