கோட்டை அருங்காட்சியக வெள்ளிப் பாத்திரங்களின் அடிப்பக்க முத்திரைகளைப் பதிவு செய்து வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்
வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி (ஓய்வு),
சௌகார்பேட்டை, சென்னை.

பெறுநர்
உயர்திரு கண்காணிப்புத் தொல்லியலாளர் அவர்கள்,
இந்தியத் தொல்லியல் துறை, சென்னை வட்டம்,
புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை.

வழி: காப்பாட்சியர் அவர்கள், கோட்டை அருங்காட்சியகம்.

பொருள்: அருங்காட்சியகத்தில் உள்ள பழைய வெள்ளி வீட்டுப் பாத்திரங்கள், ஆலயப் பாத்திரங்கள் ஆகியவற்றின் அடிப்பக்க முத்திரை, எழுத்து, எடைக் குறிகளைப் படமெடுத்துத் தமிழில் வெளியிடவும், பாத்திரங்களைப் பராமரிப்போருக்குப் பயிற்சி அளிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் 46 ஆண்டுகள் வெள்ளிப் பட்டறையில் வேலை பார்த்து, கண்பார்வை மங்கியதால் தொழிலை விட்டவன். என் தகப்பனாரும் அவருடைய தகப்பனாரும் பத்தர்களே. தகடு அடிப்பது, பற்றவைப்பது, நகாசு வேலை, பழைய பாத்திரங்களைப் பழுது பார்ப்பது ஆகியவை எனக்குத் தெரிந்த வேலைகள். சட்டமோ வரலாறோ நான் முறையாகப் படித்ததில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பழைய பாத்திரங்களைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த பழக்கத்தில் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று பல நாட்களாக எண்ணியிருந்தேன். அதற்காகவே இம்மனுவை எழுதுகிறேன்.

1795இல் எழுந்து, முதலில் வணிகர்கள் கூடும் பரிமாற்று மன்றமாக விளங்கி, 1948 முதல் அருங்காட்சியகமாக இருந்துவரும் அந்தக் கட்டடத்துக்கு நான் பலமுறை வந்திருக்கிறேன். அங்கிருந்து சில நிமிட நடையில் புனித மரியாள் ஆலயம் இருக்கிறது. ஆளுநராக இருந்த ஸ்ட்ரேன்ஷாம் மாஸ்டர் காலத்தில், கோட்டைவாசிகள் தங்களுக்குள் பணம் திரட்டி 1678 மார்ச் 25ஆம் நாள் வேலையைத் தொடங்கி, 1680 அக்டோபர் 28ஆம் நாள் அர்ப்பணித்த கோயில் அது. அடுத்த வாரமே, நவம்பர் 4ஆம் நாள், பின்னாளில் ஆளுநரான எலிஹு யேலின் திருமணம் அங்கே நடந்தது. அக்கோயிலில் திருவிருந்துக்கும் காணிக்கைக்கும் பயன்பட்ட வெள்ளிப் பாத்திரங்கள் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அவற்றைச் சிதறவிடாமல் காத்து வைத்த தங்கள் துறைக்கு மனதார நன்றி சொல்லிக்கொள்வேன்.

கூடவே இன்னோர் எண்ணமும் வரும். எங்கள் பட்டறைக்கு ஒரு தட்டு வந்தால் நாங்கள் அதன் முகத்தை முதலில் பார்ப்பதில்லை. கையில் வாங்கியதும் கவிழ்த்துத்தான் பார்ப்போம். முகப்பில் இருப்பது அழகு. அது எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது, எவ்வளவு வெள்ளி, யார் கொடுத்தார், எத்தனை முறை பழுது பார்க்கப்பட்டது என்பதெல்லாம் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். காட்சிப்பெட்டியில் நேராக வைக்கப்பட்ட பாத்திரம் அந்தப் பக்கத்தைப் பார்வையாளருக்குக் காட்ட முடியாது. இது எந்த அருங்காட்சியகத்துக்கும் பொதுவான நிலைமை என்பதால் நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மறைந்த பக்கத்தை மக்கள் பார்க்கும்படி செய்யுங்கள் என்பதே என் கோரிக்கை.

அங்கே என்னதான் இருக்கும் என்று யாரேனும் கேட்கக்கூடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். லண்டனில் செய்த வெள்ளியானால், நகத்தின் அளவுகூட இல்லாத சில குத்து முத்திரைகள் வரிசையாக இருக்கும். முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம், 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி என்பதற்கான உறுதி. 1544 முதல் அது வழக்கத்தில் உள்ளது. சிறுத்தை முகம் லண்டன் பரிசோதனைக் கூடத்தைக் குறிக்கும். தனி எழுத்து ஒன்று ஆண்டைக் குறிக்கும். இன்னொரு முத்திரையில் செய்தவரின் எழுத்துகள் இருக்கும். 1697இல் அந்நாட்டு அரசு, தட்டார்கள் நாணயத்தை உருக்கிப் பாத்திரம் செய்வதைத் தடுக்க, பாத்திர வெள்ளியின் தரத்தை நாணயத்தின் தரத்தைவிட உயர்த்தி 1000க்கு 958 பங்குக்குமேல் என்று கட்டளையிட்டது. அப்போது நடக்கும் சிங்கம் போய், அமர்ந்திருக்கும் பிரிட்டானியா என்னும் பெண் உருவம் வந்தது. பழைய தரம் 1720இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே ஒரே ஆலயத்துக்கு 20 ஆண்டு இடைவெளியில் கப்பலேறி வந்த இரண்டு தட்டுகள் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலிருந்தாலும், அவற்றின் முத்திரையும் வெள்ளியின் தரமும் வேறாக இருக்கலாம். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் தலையும் சேர்ந்துகொண்டது. இவ்வளவையும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் படித்துவிடலாம்.

இவற்றோடு, ஊசியால் கீறியது போன்ற எடைக் குறியும் பல பாத்திரங்களில் காணப்படும். செய்தபோது எத்தனை அவுன்ஸ் இருந்தது என்பதை அது சொல்லும். இன்று தராசில் வைத்து நிறுத்து அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால், தேய்த்துத் தேய்த்து எவ்வளவு வெள்ளி போயிற்று என்பதும், கைப்பிடியோ மூடியோ பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதா என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே நம் ஊரில் செய்த பாத்திரங்களைப் பற்றித்தான் எனக்கு இன்னும் அக்கறை அதிகம். கம்பெனி ஆட்சியில் இங்கே அப்படிப்பட்ட பரிசோதனைக் கூடம் இல்லை. ஜார்ஜ் கார்டன், பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற மதராஸ் கடைகள் தங்கள் பெயரையோ தலைப்பெழுத்தையோ தாங்களே குத்திக்கொண்டன. 'சுவாமி வேலை' என்று பெயர் பெற்ற தேநீர்ச் சாடிகளிலும் கிண்ணங்களிலும் நம் தெய்வங்களின் உருவங்கள் வரிசையாகப் புடைத்து நிற்பதைத் தாங்கள் அறிவீர்கள். முத்திரை வெள்ளைக்காரக் கடையுடையது. ஆனால் பாத்திரத்துக்குள் அரக்கை உருக்கி நிரப்பி, அது இறுகியபின் வெளியிலிருந்து உளியால் தட்டித் தட்டி அந்த உருவங்களை எழுப்பிய கை நம் ஊர்ப் பத்தர்களின் கை. அவர்கள் பெயர் எங்கும் குத்தப்படவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற கையெழுத்து, உள்பக்கத்தில் தெரியும் சுத்தியல் தடமும் உளிப் பள்ளமும்தான். ஒரே கை அடித்த தடம் இன்னொரு பாத்திரத்திலும் தெரியும்போது தொழில் தெரிந்தவனால் அதை அடையாளம் சொல்ல முடியும். அத்தடங்களை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைத்தால், பெயரில்லாமல் போன அந்தத் தொழிலாளர்களை, பெயரால் இல்லாவிட்டாலும் கையாலாவது, பின்வருவோர் பிரித்தறிய வழி பிறக்கும்.

வீட்டுப் பாத்திரங்களும் அப்படியே. பன்னீர்ச்செம்பு, சந்தனக் கிண்ணம், வெற்றிலைப் பெட்டி, கூஜா, குங்குமச் சிமிழ் ஆகியவை கல்யாணச் சீராக ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனவை. செட்டிநாட்டில் குடும்பத்தின் தலைப்பெழுத்தை வெட்டாமல் பாத்திரம் சீர்வரிசையில் ஏறுவது அரிது. அந்த எழுத்து கூஜாவின் கழுத்திலோ தாம்பாளத்தின் விளிம்புக்கு அடியிலோ இருக்கும். அது போய்விட்டால் அந்தப் பாத்திரம் யாருடைய கல்யாணத்தையும் சொல்லாத வெறும் வெள்ளியாகிவிடும்.

என் கவலைக்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், வெளியூர் ஆலயம் ஒன்றின் பொறுப்பாளர்கள், கால் ஆட்டம் கண்டிருந்த ஒரு திருவிருந்துக் கிண்ணத்தை என்னிடம் கொண்டுவந்தார்கள். அந்த ஆலயத்தின் பெயரைச் சொல்வது முறையாகாது. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எல்லாவற்றையும் செய்தார்கள். கிண்ணத்தைக் கவிழ்த்துக் கண்ணாடி மாட்டிப் பார்த்தேன். காலின் உள்வளையத்தில் நான்கு முத்திரைகள் இருந்தன. அவற்றில் சிங்கத்தின் தூக்கிய கால் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அதைச் சுற்றி, புள்ளி புள்ளியாகக் குத்திய தமிழ் எழுத்துகளில் கொடுத்தவரின் பெயரும் 'காணிக்கை' என்ற சொல்லும் இருந்தன. லண்டன் வெள்ளியில் தமிழ்க் காணிக்கை! நான் வெங்காரம் இட்டுக் காலை மட்டும் பற்றவைத்துக் கொடுத்தேன். அடுத்த பண்டிகைக்கு முன் அவர்கள் அதைப் 'புதுசு போல' ஆக்க ஒரு பாலிஷ் கடையில் கொடுத்துவிட்டார்கள். மோட்டார் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்து, மேலே மின்முலாமும் ஏற்றி வாங்கினார்கள். மறுபடி என் கைக்கு வந்தபோது கிண்ணம் கண்ணைப் பறித்தது. கவிழ்த்துப் பார்த்தேன். சிங்கம் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. எழுத்துகளில் 'கா' மட்டும் பாதி தெரிந்தது. முதல்முறையே ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அதைப் படியெடுத்து வைத்திருக்க வேண்டும். அந்தப் புத்தி எனக்கு அன்று இல்லை. அன்று முதல்தான் கைக்கு வந்த ஒவ்வொரு பழைய பாத்திரத்தின் முத்திரையையும் நோட்டில் படியெடுக்கத் தொடங்கினேன்.

இது ஓர் ஆலயத்தில் மட்டும் நடந்ததல்ல. வெள்ளி கறுப்பது இரும்பு துருப்பிடிப்பது போன்றதன்று. காற்றிலும், வாகனப் புகையிலும், கம்பளித் துணியிலும், ரப்பரிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து ஏற்படும் மெல்லிய படலம் அது. அதைத் துடைக்கும்போது துணியில் கறுப்பாக ஒட்டி வருவதில் வெள்ளியும் இருக்கிறது. நம் வீடுகளில் திருநீறு, புளி, சாம்பல், பற்பொடி, இப்போது பற்பசை என்று எதெதையோ போட்டுத் தேய்க்கிறார்கள். வாரம் ஒருமுறை விளக்கு தேய்க்கும் கை அறியாமல் செய்வது இது. ஆனால் 200 ஆண்டு முத்திரைக்கு அந்தத் தேய்ப்பு தாங்காது.

எனவே அருங்காட்சியகத்தில் உள்ள வெள்ளிப் பாத்திரம் ஒவ்வொன்றையும், அது ஆலயத்துடையதாயினும் வீட்டுடையதாயினும், கவிழ்த்து வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், அளவுகோலோடு படமெடுத்து, முத்திரை, எழுத்து, கீறிய எடை, இன்றைய எடை, பற்றவைத்த இடம் ஆகியவற்றை எழுதி, அந்தப் பதிவை எளிய தமிழில் கையேடாக வெளியிட ஆணையிடுமாறு வேண்டுகிறேன். தங்கள் துறையின் பதிவேடுகளில் இவற்றுள் பல ஏற்கெனவே இருக்கக்கூடும்; அவை மக்கள் கைக்கு, குறிப்பாகப் பாத்திரத்தைத் துடைப்பவர் கைக்கு, வர வேண்டும் என்பதே என் விருப்பம். காட்சியில் உள்ள இரண்டு மூன்று பாத்திரங்களுக்கு அடியிலாவது ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் முத்திரையின் பெரிதாக்கிய படத்தையும் வைத்தால், பள்ளிப் பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள். ஒருமுறை அப்படிப் பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போனதும் பாட்டியின் செம்பைக் கவிழ்த்துப் பார்க்காமல் இருக்காது.

இதைவிட அவசரமானது பயிற்சி. ஆண்டுக்கு இரண்டு நாட்களாவது, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பண்டிகைகளுக்கு முன்னால், தரங்கம்பாடி போன்ற பழைய கடற்கரை ஊர்களின் ஆலயப் பொறுப்பாளர்களையும், கோயில் பாத்திரம் துலக்குவோரையும், எங்கள் பகுதிப் பாலிஷ் கடைத் தொழிலாளர்களையும் சேர்த்து அழைத்து, தங்கள் துறையின் வேதியியல் பாதுகாப்பு வல்லுநர்கள் மூலம் செயல்முறையாகக் காட்டித் தர வேண்டும். எதைத் தேய்க்கலாம், எதைத் தொடவே கூடாது, கறுப்பு இருந்தாலும் முத்திரையின் மேல் சக்கரம் படக்கூடாது, கையுறை ஏன், எந்தத் துணியில் சுற்றி வைக்க வேண்டும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தால் போதும். பாலிஷ் கடைக்காரரை விட்டுவிட வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். பாத்திரம் கடைசியில் அவர் கைக்குத்தான் போகிறது, அவரை யாரும் எந்தப் பயிற்சிக்கும் அழைப்பதில்லை.

1972ஆம் ஆண்டின் பழம்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலைப் பொருளையும் கைவினைப் பொருளையும் பழம்பொருள் என்று கொள்கிறது. ஆனால் தன் அலமாரியில் இருக்கும் கூஜா அத்தகையதா என்பதை ஒரு குடும்பம் எதை வைத்து அறியும்? வயதைச் சொல்லும் முத்திரையைப் படிக்கத் தெரியாததால், 'பழைய வெள்ளி' என்று எடைக்குப் போட்டு, உலையில் உருகிப்போன பாத்திரங்களை நானே கண்ணால் கண்டிருக்கிறேன். சிலவற்றை என் கையாலேயே உருக்கவும் நேர்ந்தது. மாதம் ஒரு நாள், மக்கள் தங்கள் பழைய வெள்ளியைக் கொண்டுவந்து காட்டி, அது திண்ணிய வெள்ளியா முலாமா, எக்காலத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அருங்காட்சியகத்தில் ஒரு மேசை இருந்தால், உலைக்குப் போகும் பலவற்றை அந்த மேசையே தடுத்து நிறுத்தும்.

இந்தப் பணிக்கு என்னால் இயன்றதைச் செய்யக் காத்திருக்கிறேன். நான் படியெடுத்த முத்திரைகள் மூன்று நோட்டுகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே பாத்திரத்தின் வகை, எடை, உயரம், பழுதின் விவரம் ஆகியவற்றை எழுதியிருக்கிறேன். உரிமையாளர் பெயர் எதையும் எழுதவில்லை. அவற்றை அருங்காட்சியகத்துக்கு எந்தக் கைம்மாறும் எதிர்பாராமல் ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன். தாங்கள் அழைத்தால், பயிற்சி நாட்களில் வந்து பாத்திரத்தைப் பிடிக்கும் முறையையும் நகாசு வேலையின் தடங்களைப் பிரித்தறியும் முறையையும் காட்டித் தருவேன். பார்வை மங்கினாலும் விரல் நுனிக்குச் சுத்தியல் தடம் இன்னும் தெரிகிறது.

தாங்கள் இம்மனுவைப் பரிசீலித்து, எடுக்கும் நடவடிக்கையைத் தெரிவிக்குமாறும், நோட்டுகளை நேரில் கொண்டுவந்து காட்ட ஒரு நாளும் நேரமும் குறித்துத் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சென்னை

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி (ஓய்வு)

இணைப்பு: முத்திரைப் படிகள் அடங்கிய நோட்டின் முதல் நான்கு பக்கங்களின் நகல்.