பதினோராம் பக்கம்

அன்புள்ள கண்ணா,

நலம், நலமறிய ஆவல். ஐந்து ஞாயிறாகப் போன் இல்லை. வேலை இருக்கும், தெரியும். உங்கப்பா எட்டு மணிக்கே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அதற்காக எழுதவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. போனில் சொல்ல வராது.

எதிர்வீட்டுப் பெண் எம்.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறாள். ஷோர் அல்காரிதம், அதாவது க்வாண்டம் கம்ப்யூட்டரில் ஒரு எண்ணைக் காரணிகளாகப் பிரிக்கும் வழி, புரியவில்லை என்று நோட்டோடு வந்தாள். எல்லாப் புத்தகத்திலும் 15-ஐத்தான் பிரித்துக் காட்டுகிறார்கள். அதில் எந்த எண்ணை எடுத்தாலும் பீரியட், அதாவது அடுக்குகளின் மீதி 1 ஆக எத்தனை படி என்பது, 2 அல்லது 4. எல்லாம் பிசகாமல் வகுபடும், தப்பு எங்கே வரும் என்றே தெரியாமல் போய்விடும். அதனால் 21 கொடுத்தேன். 2-இன் அடுக்குகளை 21-ஆல் வகுத்த மீதி: 2, 4, 8, 16, 11, 1. பீரியட் 6. நாம் அளக்கும் மேல் ரெஜிஸ்டர் 21-இன் வர்க்கமான 441-க்குக் குறையக் கூடாது, எனவே 512, அதாவது ஒன்பது க்யூபிட் (க்வாண்டம் பிட்). 512-ஐ 6 வகுக்காது, 85.33 வரும். அளந்தால் 0, 85, 171, 256, 341, 427 இவற்றிலும் பக்கத்திலும்தான் குவியும்.

427 வந்தால் அதிர்ஷ்டம். 427/512-ஐத் தொடர் பின்னமாக்கினால் 0, 1, 5/6, அடுத்தது 211/253. பகுதி 21-க்குள் இருக்கவேண்டும், அதனால் 5/6-இல் நின்றுவிடலாம். 341 வந்தால் 2/3 கிடைக்கும். பகுதி 3, ஆனால் 2-இன் மூன்றாம் அடுக்கு 8, 1 இல்லை. "மெஷின் தப்பா சொல்லுது மேடம்" என்றாள். தப்பில்லை, பாதிதான் சொல்கிறது. இன்னொரு ஓட்டத்தில் 256 வந்தால் 1/2. இரண்டுக்கும் 3-க்கும் மீ.பொ.ம. 6. 0 வந்தால் மட்டும் கையில் ஒன்றுமில்லை, திரும்ப ஓட்டவேண்டும். பிறகென்ன, 8-இல் ஒன்று கழித்தால் 7, ஒன்று கூட்டினால் 9. 21-ஓடு பொது வகுத்தி பார்த்தால் 7-உம் 3-உம் விழுந்துவிடும். கையால் அரைமணி நேரம். சின்ன எண்ணில் கையால் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெரிய எண்ணைப் பற்றிப் பேசவேண்டும் என்று அவளிடம் சொன்னேன். உனக்கும் சொல்லியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அத்தை வெள்ளிக்கிழமை வந்திருந்தாள், மாடி ரூம் பேச்சை மறுபடி எடுத்தாள். அதை விடு.

அந்தப் பெண் அடுத்து உன் கணக்கைக் கேட்டாள். டைஹீட்ரல் குலத்தில், அதாவது ஒரு பலகோணத்தின் சுழற்சிகளும் பிரதிபலிப்புகளும் சேர்ந்த தொகுதியில், மறைந்த உட்குலத்தைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம், ஷோர் வழி அங்கே ஏன் நின்றுவிடுகிறது என்று. சொன்னதை எழுதுகிறேன், பிசகிருந்தால் திருத்து. பதினாறு பக்கப் பலகோணம்; மறைந்திருப்பது ஒரே ஒரு பிரதிபலிப்பு, அதன் எண்தான் தெரியவேண்டும். ஒரு கோசெட் நிலையை, அதாவது மறைந்த பிரதிபலிப்பால் இணைந்த இரண்டு உறுப்புகளின் கலவையை, எடுத்து ஃபூரியே உருமாற்றம் செய்து அளந்தால் ஒரு சீட்டு எண்ணும் ஒரு க்யூபிட்டும் மிஞ்சும். சீட்டு நமக்குத் தெரியும், ஆனால் நாம் கேட்ட சீட்டு வராது. மறைந்த எண்ணைச் சீட்டால் பெருக்கிய அளவுக்கு க்யூபிட்டின் கட்டம் திரும்பியிருக்கும். சீட்டு 8 ஆக இருந்தால் கட்டம் திரும்பியோ திரும்பாமலோ இருக்கும், நடுவில் ஒன்றும் கிடையாது. மறைந்த எண் ஒற்றையா இரட்டையா என்று அப்படியே படித்துவிடலாம். 8 தானாக வரப் பதினாறில் ஒரு வாய்ப்பு. பதினாறுக்குச் சரி, 2-இன் நானூறாம் அடுக்குக்கு என்ன செய்வது?

எட்டிங்கரும் ஹோயரும் காட்டிய விஷயம் இங்கேதான் வலிக்கும். பிட் நீளத்துக்கு ஒத்த சில கேள்விகளிலேயே விடைக்கு வேண்டிய தகவல் முழுக்க வந்துவிடுகிறது. அதைப் பிரித்தெடுக்கத்தான் எல்லா எண்ணையும் ஓட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது. குபர்பெர்க் 2003-இல் சல்லடையைக் கொண்டுவந்தார். 13, 5 என்று இரண்டு சீட்டு. இரும எண்ணில் 1101, 0101. கடைசி மூன்று இலக்கமும் ஒன்றே. இரண்டு க்யூபிட்டையும் சி-நாட் என்ற க்வாண்டம் கேட்டில் சேர்த்து ஒன்றை அளந்தால் பாதி வாய்ப்பில் கழித்தல், 8. மீதிப் பாதியில் கூட்டல், 18, பதினாறைக் கழித்தால் 2. கழித்தல் வந்ததை வைத்துக்கொள், கூட்டல் வந்ததைத் தூக்கிப் போடு. இப்படி ஒரு சுற்றுச் சேர்ப்பது ஒரு அடுக்கு. நானூறு பிட் என்றால் ஒரு அடுக்குக்குக் கடைசி இருபது பிட் துடைத்து, இருபது அடுக்கு.

இதைக் கேட்டதும் லாட்டிஸை, அதாவது ஒழுங்கான புள்ளி வலையை, நம்பிய ரகசியக் குறியீடெல்லாம் உடைந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. ரெகேவ் 2002-இல் லாட்டிஸைக் கொண்டுவந்து டைஹீட்ரலில் சேர்த்தார், சரி. ஆனால் வழியில் பிட் நீளம் பரிமாணத்தின் வர்க்கத்துக்கு ஏறிவிடுகிறது. சல்லடைக்கு ஆகும் நேரம் பிட் நீளத்தின் வர்க்கமூலத்தை அடுக்கில் ஏற்றியது. மூலம் எடுத்தால் பழைய பரிமாணமே திரும்பி வரும். சாதாரணக் கம்ப்யூட்டரே அந்த அளவில் செய்துவிடும். இந்தப் பள்ளத்தில் நீ விழவில்லை, உன் கட்டுரையின் இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று உங்கப்பாவிடம் மூன்று தடவை சொன்னேன். அவ்வளவு நிதானமாக ஆரம்பித்தவன் பின்னால் ஏன் அவசரப்பட்டாய்?

2024 ஏப்ரலில் யீலே சென் லாட்டிஸ் கணக்குக்குப் பல்லுறுப்பு நேர, அதாவது வேகமான, க்வாண்டம் வழி என்று ஒரு கட்டுரை போட்டார். எட்டே நாளில் ஒன்பதாம் படியில் பிழை அகப்பட்டது. பிழை இருக்கிறது, திருத்தத் தெரியவில்லை என்று அவரே முதல் பக்கத்தில் எழுதிவிட்டார். யாரும் அவரைச் சின்னவராக நினைக்கவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். உன் கட்டுரைக்குப் பக்கத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று இருப்பதைப் பார்த்தேன். உங்கப்பாவிடம் சொல்லவில்லை.

பதினோராம் பக்கம், இரண்டாம் லெம்மா. கெட்ட ரெஜிஸ்டர் நானூறில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, அடுக்குக்கு ஒன்றாக இருபதைக் கூட்டி, மொத்தப் பிழை 5% என்று எழுதியிருந்தாய். எண்ணவேண்டியது அடுக்கை இல்லை கண்ணா, இலையை. கடைசியில் நிற்கும் ஒரு க்யூபிட்டுக்குக் கீழே 2-இன் இருபதாம் அடுக்கு, 10,48,576 ஆரம்ப க்யூபிட்டுகள். அதில் ஒன்று கெட்டதாக, இரண்டும் கலந்த மேற்சேர்க்கையில் இல்லாமல் 0 என்றோ 1 என்றோ உறைந்திருந்தால், அதோடு சேர்ந்த நல்லதும் உறைந்துவிடும். சீட்டைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது. கடைசியில் அளந்தால் நாணயம் சுண்டிய மாதிரி. அத்தனை இலையும் நல்லதாக இருக்கும் வாய்ப்பு புள்ளிக்குப் பிறகு 1,100 பூஜ்யத்துக்கு மேல்.

இது எனக்கு மார்கழியிலேயே தெரியும். நீ அனுப்பிய பிரதியில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரப்பரால் அழித்தேன். சுலபமான எபீலியன் குலம் மட்டும் நடத்தி ரிட்டயர் ஆனவள், பிள்ளையின் கணக்கு புரியாமல் உளறுகிறாள் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று வெட்கம். "நன்றாக இருக்கிறது" என்று பதில் போட்டேன். கையால் மூன்று அடுக்கு போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஊருக்கெல்லாம் சொல்லும் பாடத்தை நான் செய்யவில்லை. தப்பு உன் லெம்மாவில் இருந்தது. அதை உலகம் பார்க்கவிட்டது நான்.

லெம்மா முழுக்க வீண் இல்லை. கெட்டது 10,48,576-இல் ஒன்று என்று நிபந்தனையை இறுக்கினால் கடைசி க்யூபிட் நல்லதாக இருக்கும் வாய்ப்பு 37%. கெட்டது வந்தாலும் பாதி நேரம் சரியாகவே சொல்லும் என்பதால் விடை சரியாக வர 68%-க்கு மேல். பல தடவை ஓட்டிப் பெரும்பான்மை எடுத்தால் போதும். தலைப்பு சின்னதாகும், அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு உட்கார், வெறும் வயிற்றில் உட்காராதே.

நேற்று ராத்திரி பதினாறுக்கு மூன்று அடுக்கு, எட்டு இலை போட்டுப் பார்த்தேன். 13-இல் 11 கழித்தால் 2. 15-உம் 9-உம் 6. 7-உம் 1-உம் 6. 14-உம் 4-உம் 10. அடுத்த அடுக்கில் 2-இல் 6, 6-இல் 10 கழித்தால் இரண்டு பக்கமும் -4, பதினாறு கூட்டினால் 12. கடைசியில் கழித்தால் 0. ஒன்றும் சொல்லாத சீட்டு. பாதி நேரம் அப்படித்தான் வரும், வேறு இலைகளோடு திரும்பப் போடவேண்டும். நானே எண் எடுத்தால் எனக்கு வசதியாக எடுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு 16-க்குக் கீழே எட்டு எண் சொல்லு. வேறு ஒன்றும் பேசவேண்டாம்.

அம்மா