மறுபடி உலை மூட்டுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 1084 என்ற கார்பன் எஃகுப் பட்டையில் அடித்த கத்தியைக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த பிறகும் அது கடினமாகவில்லை, அரம் வழுக்காமல் கடிக்கிறது, நாளைக்கே இன்னும் கூடுதலாகக் காய்ச்சித் தோய்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே கண்ணு. எந்தக் கட்டத்தில் கோளாறு என்று தெரியாமல் உலை மூட்டினால் இருக்கும் நல்லதும் கெட்டுப்போகும்.

முதலில் மேற்பரப்பைச் சந்தேகப்படு. நெருப்பில் காயும்போது எஃகின் வெளிப்பக்கத்தில் கார்பன் எரிந்துபோய் மெல்லிய படலம் ஒன்று மென்மையாகிவிடும். அரம் அதைத்தான் கடிக்கிறதோ என்னவோ. ஓரிடத்தில் கொஞ்சம் ஆழமாகத் தேய்த்துவிட்டு அங்கே அரத்தை ஓட்டிப் பார். வழுக்கினால் அலகு நன்றாகவே இருக்கிறது, தேய்த்து முடித்தால் போதும்.

அடியிலும் கடித்தால் சூடு போதவில்லை, அல்லது குளிர்ந்தது மெதுவாக நடந்திருக்கிறது. காந்தம் ஒட்டாமல் போவது ஏறத்தாழ 770 டிகிரியில். பலரும் அந்த நொடியே எடுத்துத் தோய்த்துவிடுகிறார்கள். 1084-க்கு 800 முதல் 815 வரை வேண்டும், அதனால் காந்தம் விட்ட பிறகும் நிறம் இன்னும் சற்று வெளுக்கும்வரை பொறு. நிறத்தை வெயிலில் பார்க்காதே, ஏமாற்றிவிடும். எண்ணெயும் 50, 60 டிகிரி சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும். உலையிலிருந்து எண்ணெய்க்கு ஓரிரு நொடிகளில் போய்விட வேண்டும். மெல்லிய விளிம்பு காற்றிலேயே ஆறிவிடும். தண்ணீர் வேகமாக ஆற்றுமே என்று அதில் முக்கிவிடாதே, அலகு விரிசல் விடும்.

கூடுதலாகக் காய்ச்சுவதுதான் எனக்குக் கவலை. சூடு மிஞ்சினால் எஃகின் உள்ளே இருக்கும் நுண்ணிய படிக மணிகள் பெருத்துவிடும். அரம் அப்போதும் வழுக்கும், ஆனால் கத்தி பொட்டென்று உடையும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அதே பட்டையில் ஒரு துண்டு வெட்டி, அதே மாதிரி காய்ச்சித் தோய்த்து, வைஸில் பிடித்து உடைத்துப் பார்ப்பது. (கண்ணாடி போட்டுக்கொள்!) உடைந்த முகம் மங்கிய சாம்பலாக, நைஸாக இருந்தால் சரி. சர்க்கரை மாதிரி மினுக்கினால் சூடு மிஞ்சிவிட்டது. அப்போதும் அலகு வீணில்லை. காய்ச்சி, அசையாத காற்றில் கறுக்கும்வரை ஆறவிடு. ஒவ்வொரு முறையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்து மூன்று தடவை இதைச் செய்துவிட்டுத் தோய்த்தால் மணி மறுபடி நுண்மையாகும்.

அரம் வழுக்கியதும் டெம்பரை, அதாவது உடையும் தன்மை குறைய மிதமான சூட்டில் வைப்பதை, தள்ளிப்போடாதே. தோய்த்த அலகு கீழே விழுந்தாலே உடையும். 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு தடவை. ஓவன் அடுப்பின் சூட்டுத் திருகைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே, உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வை. அப்புறம் வேலை செய்யும்போது விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்தால் 10 டிகிரி கூட்டி இன்னொரு டெம்பர் கொடு.

எண்ணெய்ப் பாத்திரம் இரும்பாக இருக்கட்டும், மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடு, தண்ணீர் ஊற்றவே ஊற்றாதே. இதில் மட்டும் அப்பா சொல்வதைக் கேள்.

துண்டை உடைத்ததும் படம் அனுப்பு. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, கிட்டத்தில் எடு.

அன்புடன்,
அப்பா