ஜி-2 வீட்டில் மீண்டும் மீண்டும் பொங்கும் கழிவுநீர்: புகார்

அனுப்புநர்:
ஜி-2 வீட்டு வாடகைதாரர்,
வேளச்சேரி, சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடகை வீட்டுப் பராமரிப்பு நிறுவனம்,
அண்ணா நகர் அலுவலகம், சென்னை.

பொருள்: தரைத்தள வீட்டுக்குள் கழிவுநீர் திரும்பத் திரும்ப ஏறுவது, யார் பொறுப்பு என்று சொல்லாமல் அலைக்கழிப்பது, அடைப்பு நீக்கக் கட்டணத்தை எங்கள் தலையில் கட்டியிருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே புகாரை உங்கள் செயலியில் எழுதியாகிவிட்டது, வாட்ஸ்அப்பில் படங்களோடு அனுப்பியாகிவிட்டது, வாடிக்கையாளர் சேவை எண்ணில் சொல்லிச் சொல்லி அலுத்தும்விட்டது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுத்து, "என்ன பிரச்சினை, சொல்லுங்கள் மேடம்" என்று ஆதியிலிருந்து கேட்கிறார். பாதி சொல்வதற்குள் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. செயலியைத் திறந்தால் என் புகார்கள் எல்லாவற்றின் மீதும் பச்சை நிறத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று இருக்கிறது. ஆகவே இந்தக் கடிதம் ஸ்பீடு போஸ்டில் வருகிறது. உங்கள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் யார் என்ற விவரம் என்னிடம் இருக்கும்.

நடப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. கட்டடம் உங்கள் பராமரிப்பில் இருக்கிறது. எங்களுக்கு முன்பு ஜி-2வில் இருந்த குடும்பமும் இதே காரணத்தால்தான் காலி செய்ததாகக் காவலாளியே சொல்கிறார். எங்களிடம் முன்பணம் வாங்கும்போது அதை ஒருவரும் சொல்லவில்லை. கனமழை பெய்தாலோ, காலை வேளையில் மேல்வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குளித்தாலோ, எங்கள் குளியலறைத் தரையில் தண்ணீர் வடிவதற்காக இருக்கும் நஹானி டிராப்பில் முதலில் குடுகுடுவென்று சத்தம் வரும். அடுத்து அதன் சல்லடையைத் தள்ளிக்கொண்டு சாம்பல் நிறத் தண்ணீர் ஏறும். படியைத் தாண்டிக் கூடத்துக்கு வர அதிக நேரம் ஆகாது.

போன ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் வளைகாப்பு. விடியற்காலையிலேயே புறப்பட்டுவிட்டோம், எங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயின் வால்வையும் மூடிவிட்டுத்தான் போனோம். இரவு வந்து கதவைத் திறந்தால் கூடத்தில் கணுக்கால் அளவு சாக்கடை. அதில் சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, யாருடைய தலையிலிருந்தோ வந்த ஷாம்பு நுரை. அன்று எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் புழங்காத வீட்டில் முருங்கைக்காய் மிதக்கிறது என்றால் அது யார் வீட்டுக் கழிவு, எந்தக் குழாய் வழியாக வந்தது என்பதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஆனால் உங்கள் சேவை எண்ணில் பேசியவர் கேட்ட முதல் கேள்வி, "நாப்கின் ஏதாவது போட்டீர்களா மேடம்?"

இதையாவது மன்னித்துவிடலாம். உங்கள் அண்ணா நகர் அலுவலகத்தில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்த அதிகாரியை மன்னிக்க என்னால் முடியாது. செயலியில் ஏற்றும் படங்கள் பொறியியல் பிரிவுக்குப் போகாதாம். அவற்றை அச்செடுத்து, அசல் ஒப்பந்தத்தோடு நேரில் வர வேண்டுமாம். அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஆலந்தூர் போய், அங்கிருந்து மெட்ரோ பிடித்து அண்ணா நகர் டவர் நிலையத்தில் இறங்கி வந்தேன். பொறியியல் பிரிவு சாப்பிடப் போயிருந்தது. அது திரும்பி வரவேயில்லை. காத்திருந்து காத்திருந்து கடைசியில் அவரிடம் கேட்டேன். கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "தரைத்தளத்துக்கு வாடகை ஏன் குறைவு என்று நினைத்தீர்கள் மேடம்?"

நான் கொண்டுபோன படங்களை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாற்றம், மற்ற வீடுகளின் மலம், என் மாமியார் வழுக்கி விழப் பார்த்தது எல்லாம் ஆயிரம் ரூபாய் வாடகைக் குறைவில் அடக்கம் என்றால் அதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். வேளச்சேரி தாழ்வான பகுதி, மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று ஓர் உபதேசம் வேறு. தெருவில் தண்ணீர் நிற்பதும் என் கழிப்பறை பொங்குவதும் ஒன்றா? அடுத்த கட்டடத்துத் தரைத்தளத்தில் ஏன் ஏறவில்லை?

காரணத்தை நானே சொல்கிறேன், ஏனென்றால் சொந்தச் செலவில் பிளம்பரை வைத்துப் பார்த்துவிட்டேன். உங்கள் ஆட்கள் வரும்போதெல்லாம் எங்கள் குளியலறை வழியாகக் கம்பியை விட்டுக் குத்துவார்கள், தண்ணீர் இறங்கியதும் செயலியில் பச்சை விளக்கு போட்டுவிட்டுப் போவார்கள். வெளியே கழிவுக் குழாய்கள் வந்து சேரும் தொட்டியான சேம்பரை ஒரு நாளாவது திறந்தார்களா? திறக்க முடியாது. கார் நிறுத்துமிடத்துக்குப் பேவர் பிளாக் போட்டபோது சேம்பர் மூடிமீதே கல்லைப் பதித்துவிட்டீர்கள். எங்கள் பிளம்பர், குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் அனுமதி கேட்டு, கற்களைப் பெயர்த்து மூடியைத் தூக்கியபோது உள்ளே விளிம்புவரை கழிவு. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, மொட்டைமாடி மழைநீர்க் குழாயை அந்தச் சேம்பருக்குள்தான் இறக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். நம் கட்டடத்துச் சேகரிப்புக் குழியில் உடைந்த ஓடுகள் நிரம்பி, மேலே ஸ்கூட்டர் நிற்கிறது. மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடவே கூடாது. நீங்கள் மாடி முழுவதன் மழையையும், எல்லாத் தளங்களின் கழிவையும் ஒரே நான்கு அங்குலக் குழாயில் விட்டிருக்கிறீர்கள். அந்த அளவுக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடியாவது சரிவு வேண்டும் என்கிறார் பிளம்பர். இங்கே நடுவில் மண் இறங்கி, குழாய் தொய்ந்துபோய், சரிவே இல்லாமல் கிடக்கிறது. வெளியேற வழியில்லாத நீர் ஆகத் தாழ்வான வாயைத் தேடும். அந்த வாய் எங்கள் குளியலறை.

தெருவில் அடைப்பு, குடிநீர் வாரியத்திடம் போங்கள் என்றும் ஒருவர் சொன்னார். போனேன். வாரியப் பணியாளர்கள் வந்து தெரு மேன்ஹோலைத் திறந்து காட்டினார்கள். தண்ணீர் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றுச்சுவருக்கு உள்ளே இருப்பது கட்டட உரிமையாளர் பாடு என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். உரிமையாளர் இருப்பது துபாயில். "மாதாமாதம் நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறேன், அவர்களைக் கேளுங்கள்" என்கிறார். உங்களைக் கேட்டால் பொதுக் குழாய் குடியிருப்போர் சங்கத்தைச் சேர்ந்தது என்கிறீர்கள். சங்கச் செயலாளர் நல்ல மனிதர், ஆனால் வாடகைக்கு இருப்பவர்களின் புகாரைப் பதிவு செய்ய விதியில் இடமில்லையாம், உரிமையாளர் எழுத வேண்டுமாம். எங்களிடமிருந்து மாதப் பராமரிப்புத் தொகையை வாங்க மட்டும் எல்லா விதியிலும் இடம் இருக்கிறது.

இதற்கு நடுவே நீங்கள் செய்த ஒரு காரியத்தை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். போன மாதம் உங்கள் ஒப்பந்ததாரர் ஓர் இளைஞரை அனுப்பினார். கையில் ஒரு வாளி, ஒரு கயிறு. கையுறை கிடையாது. பாதாளச் சாக்கடை இணைப்பு வருவதற்கு முன்பு கட்டிய பழைய செப்டிக் டேங்க் பின்புறம் இருக்கிறதே, அதற்குள் இறங்கி அள்ளச் சொல்லியிருந்தார்கள். நான் விடவில்லை. மேற்பார்வையாளர் தொலைபேசியில் என்மீதே பாய்ந்தார்: "ஐந்து நிமிட வேலை, நீங்கள் ஏன் தலையிடுகிறீர்கள்?" மனிதரை இப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடைச் சாவுகளுக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. அந்தப் பையன் தேநீர் குடித்துவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போனார். அன்றைய புகாரை நீங்கள் எப்படி முடித்தீர்கள் தெரியுமா? 'வாடகைதாரர் ஒத்துழைக்கவில்லை.'

இப்போது இந்த மாத வாடகை ரசீதில் 'அடைப்பு நீக்கக் கட்டணம் 1,800 ரூபாய்' என்று ஒரு வரி. கேட்டால், சாக்கடைச் சுத்தம் வாடகைதாரர் பொறுப்பு என்று 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது என்கிறீர்கள். நானும் படித்தேன். யார் எதைப் பராமரிக்க வேண்டும் என்று சொல்லும் அதன் அட்டவணையில், வாடகைதாரர் பகுதியில் அது இருப்பது உண்மைதான். அதே அட்டவணையில் குழாய்களை மாற்றுவது உரிமையாளர் பகுதியில் இருக்கிறதே, அந்தப் பக்கம் உங்கள் பிரதியில் கிழிந்துவிட்டதா? என் வீட்டுத் தலைமுடி என் குளியலறையில் அடைத்தால் நான் காசு கொடுத்து எடுப்பேன், எடுத்தும் இருக்கிறேன். எல்லா வீட்டுக் கழிவும் போகும் பொதுக் குழாய் தொய்ந்ததற்கு நான் ஏன் கட்ட வேண்டும்? துப்புரவு வசதி அத்தியாவசியச் சேவை என்றும், அதை உரிமையாளரோ சொத்து மேலாளரோ தடுத்து நிறுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சொத்து மேலாளர் என்றால் சாட்சாத் நீங்கள்தான்.

இழப்பைச் சொல்லி மாளாது. தேக்குக் கட்டிலின் கால்கள் ஊறிப் பிளந்துவிட்டன. பீரோவின் அடித்தட்டில் இருந்த என் கல்யாணப் பட்டுப்புடவையைத் தூக்கி எறிந்தேன். ஒரு மூட்டை அரிசி போயிற்று. மகளின் பிளஸ் டூ குறிப்பேடுகள் அத்தனையும் போயின. அவளுடைய மருத்துவப் படிப்பே போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். குறைந்தது இரண்டு லட்சம் ரூபாய் நஷ்டம், மன உளைச்சலுக்குத் தனிக் கணக்கு. தரைத்தள வாடகை ஏன் குறைவு என்று கேட்டவர் இந்தக் கூட்டலையும் போட்டுப் பார்க்கட்டும்.

சண்டை போட எனக்கும் ஆசையில்லை. நானும் வேலைக்குப் போகிறவள். தொலைபேசி எடுப்பவர்கள் வாங்கும் திட்டு எனக்குத் தெரியாததில்லை. தயவுசெய்து இதைச் செய்துகொடுங்கள்: மூடியை மறுபடி புதைக்காமல், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் இயந்திரம் கொண்டுவந்து சேம்பரிலிருந்து தெரு வரை முழுக் குழாயையும் சுத்தம் செய்யுங்கள். மழைநீர்க் குழாயைத் துண்டித்துச் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள். தொய்ந்த பகுதியைத் தோண்டிச் சரிவு கொடுத்துப் புதுக் குழாய் போடுங்கள். அதுவரை எங்கள் இணைப்பில் நீர் திரும்பி வராதபடி ஒரு வழி வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். உரிமையாளர், நீங்கள், சங்கம் ஆகிய மூவரில் இதற்குப் பொறுப்பு யார் என்பதை நிறுவனத்தின் முத்திரையோடு ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

இந்த மாதம் 15ஆம் தேதிக்குள் வேலை தொடங்காவிட்டால், வேலையை நாங்களே முடித்து, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மாதாமாதம் வாடகையில் கழித்துக்கொள்வோம். வாடகை அதிகாரியிடம் மனு போகும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகும். பிளம்பரின் அறிக்கை, காணொளிகள், 'ஒத்துழைக்கவில்லை' என்ற அந்தக் குறுஞ்செய்தி எல்லாம் தேதி வாரியாக வைத்திருக்கிறேன். காலி செய்துகொள்ளுங்கள் என்று சொல்வதாக இருந்தால், முன்பணம் முழுவதையும் பிடித்தம் இல்லாமல் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள், அப்போது யோசிக்கிறோம்.

பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். முன்மேசை அதிகாரி என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஜி-2 வாடகைதாரர்

இணைப்பு: புகைப்படங்கள், பிளம்பரின் அறிக்கையும் ரசீதும், ஒப்பந்த நகல்.

நகல்: வீட்டு உரிமையாளர்; குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

பி.கு.: 1,800 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதி வாடகையை இன்று வங்கியில் செலுத்திவிட்டேன். தாமதக் கட்டணம் என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டாம்.