அண்ணா, அந்த போன் வேண்டாம்

அன்புள்ள அண்ணா,

அப்பாவின் துப்பாக்கியை ஒப்படைத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். லைசென்ஸை என் பெயருக்கு மாற்றக் கொடுத்த மனுவையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கலெக்டர் ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்வதாக அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். வேண்டாம் அண்ணா.

நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. நேரில் சொன்னால் தோளில் கை போட்டு, "விடு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்பீர்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். ஊர், கட்சி, ஸ்டேஷன் எதன் பெயரையும் எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

காரியத்தன்று உங்களிடம் கத்தியதற்கு மன்னித்துவிடுங்கள். கத்தியதற்கு மட்டும்தான். என்ன சொன்னேனோ அதற்கு அல்ல. பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "சித்தப்பா துப்பாக்கிக்கு என்னிக்காவது தொந்தரவு வந்திருக்கா?" என்று நீங்கள் கேட்டீர்களே, அதற்குத்தான் கத்தினேன். எனக்கு அந்த ஸ்டேஷன் கண்முன் வந்துவிட்டது.

2024 மார்ச் 16ஆம் தேதி தேர்தலை அறிவித்தார்கள். தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி அடுத்த நாலைந்து நாளில் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிட்டார். அப்பா அந்த ஒற்றைக்குழலைத் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றி, லைசென்ஸ் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என் வண்டியில் ஏறினார். மரவள்ளிக் காட்டில் பன்றியை விரட்ட வெடிச்சத்தம் கேட்டால் போதும் என்று வைத்திருந்த துப்பாக்கி. எழுத்தர் வெளியே போயிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தோம். கீழே தரையில் ஒரு மலைக்காரர், நாட்டுத் துப்பாக்கியோடு பிடித்து வந்திருந்தார்கள். என்ன வயதென்று சொல்ல முடியாது. போகிற வருகிற போலீஸ்காரர் எல்லாம் அவரை ஒரு கேள்வி கேட்டார்கள், அதே கேள்வியை. அப்பா தன் வெற்றிலைப் பொட்டலத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை, ஸ்டேஷன் வாசலைப் பார்த்தார்.

அப்போதுதான் உங்கள் கார் வந்தது. இடுப்பில் உங்கள் பிஸ்டல் இருந்தது. உங்களுக்கு விலக்கு ஆணை வந்திருந்தது, ஒப்படைக்க வேண்டியதில்லை. எல்லாரும் எழுந்தார்கள். பழக்கம், அப்பாவும் எழுந்தார். "சித்தப்பா, நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனீர்கள். பத்து நிமிடத்தில் ரசீது, டீ, எல்லாம் ஆனது. திரும்பும்போது அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வழியெல்லாம், "எங்கண்ணன் பையன் வந்தான், இன்ஸ்பெக்டரே எந்திரிச்சுட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சைக்கிள் கேரியரில் என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன அண்ணன்தான் அன்றும் அவரைக் கூட்டிப் போனீர்கள். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் தேர்தல் ஆணையம் சொல்லியிருப்பது என்ன? யார் யார் துப்பாக்கியை வாங்கி வைக்க வேண்டும் என்று மாவட்டத்தில் ஒரு குழு ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். ஜாமீனில் இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு தேர்தல் கலவரத்தில் சிக்கியவர்கள், இவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்பா மீது ஆடு மேய்ந்த தகராறு கூடக் கிடையாது. உங்கள் மீது இருப்பவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. இங்கே ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19. எண்ணி முடித்தது ஜூன் 4. அதற்கப்புறம்தான் ஒற்றைக்குழல் வீடு வந்தது. அதற்குள் மரவள்ளியைப் பன்றி முடித்துவிட்டது.

அப்புறம் அந்தத் தோட்டத்து விருந்து வீடியோ. கொண்டாட்டத்துக்குச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். வீடியோவில் இருப்பது யாரென்று நான் சொல்லவில்லை. ஸ்டேட்டஸில் வைத்தவர்களுக்கும் தெரியும், பார்த்த காவலர்களுக்கும் தெரியும்.

"சஞ்சய் தத்தே உள்ள போனாரே, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்பீர்கள். போனார், சரி. இந்தி நடிகர், காங்கிரஸ் எம்.பி. மகன். 1993 பம்பாய் குண்டுவெடிப்பு வழக்கில், ஏகே-56 துப்பாக்கி வைத்திருந்தவருக்குத் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் போய் ஆயுதச் சட்டம் மட்டும் நின்றது. அந்த ஆயுதங்களை வீட்டில் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட ஜைபுன்னிசா காஜி என்ற முதிய பெண்ணுக்குத் தடாவிலேயே தண்டனை. ஐந்து வருடத் தண்டனையில் மாதக்கணக்கில் கழித்துக்கொண்டு 2016 பிப்ரவரியில் தத் வெளியே வந்தார். மத்தியச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவரை மாநில அரசு எப்படி முன்கூட்டியே விட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர் யார் தெரியுமா? நம் பேரறிவாளன். பதில் கிடைக்காமல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனார். அதைக் கேட்க வேண்டியிருந்தது சிறையில் இருந்த ஒருவருக்குத்தான்.

கோபத்தில் என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபமும் இருக்கிறது. ஆனால் நீங்கள் போன் செய்து வருகிற லைசென்ஸ் அடுத்த தேர்தலில் என்னையும் அந்த உள் அறைக்குக் கூட்டிப் போகும். நானும் அப்பா மாதிரி சந்தோஷப்படுவேன், அதுதான் பயம். பன்றிக்கு வேலி போட்டுக்கொள்கிறேன். சோலார் வேலிக்கு நீங்கள் மானியம் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

தலைத்திவசத்துக்கு அவசியம் வாருங்கள். அம்மா உங்களுக்கென்று கச்சாயம் சுடப் போகிறாள். பிஸ்டலைக் காரிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். பிள்ளைகள் போன தடவை மாதிரி அதைத் தொட்டுப் பார்க்க ஓடிவருவார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை.

உங்கள் தம்பி