பாமரருக்குப் புரியத்தான் உவமைகளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாமர மக்களுக்கும் எளிதில் புரிய வேண்டும் என்றே இயேசு உவமைகளில் பேசினார் என்று தங்கள் ஞாயிறு இணைப்பின் ஆன்மிகக் கட்டுரை சொல்கிறது. மேடைதோறும் கேட்கிற விளக்கம்தான். ஆனால் மாற்கு சுவிசேஷத்தின் 4-ஆம் அதிகாரம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. விதைக்கிறவன் உவமை சீடர்களுக்கே விளங்காமல், தனித்திருக்கையில் வந்து பொருள் கேட்கிறார்கள். புறம்பே இருக்கிறவர்கள் கண்டும் காணாதவர்களாய், கேட்டும் உணராதவர்களாய் இருக்கும்படி என்று ஏசாயா தீர்க்கதரிசியின் வார்த்தைகளைக் கொண்டு இயேசு பதில் சொல்கிறார். இந்த வசனத்தைப் பிரசங்கியார்கள் வேகமாகத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக, உவமை உள்வட்டத்தாரின் சங்கேத மொழி என்று சொல்லிவிடவும் முடியாது. மாற்கு 12-இல், திராட்சத்தோட்டத்தின் சொந்தக்காரர் அனுப்பிய மகனையே கொன்றுபோடும் குத்தகைக்காரர் உவமை தங்களைக் குறித்தது என்று பிரதான ஆசாரியர்களுக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. அதனால்தான் இயேசுவைப் பிடிக்க வகை தேடினார்கள்.

பழைய ஏற்பாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. பிறன் மனைவியை எடுத்துக்கொண்டு அவள் கணவனையும் கொல்வித்த தாவீது ராஜாவிடம், ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பிடித்து விருந்து சமைத்த கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொன்னதும், அந்த ஐசுவரியவான் மரணத்துக்குப் பாத்திரன் என்று தாவீது கொதித்தார். 'நீயே அந்த மனுஷன்' என்பது அதற்குப் பிறகே வருகிறது. முதலிலேயே சொல்லியிருந்தால் தீர்க்கதரிசியின் தலை தப்பியிருக்குமோ என்னவோ! கேட்பவன் தன் வாயாலேயே தீர்ப்பைச் சொல்லி மாட்டிக்கொள்ளும் அந்த இடத்தில்தான் தேவ வெளிப்பாடு நடக்கிறது என்பது என் எண்ணம்.

எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் மத்தேயு 20-இல் வரும் திராட்சத்தோட்டக் கூலியாட்கள் உவமையை நடத்தினேன். விடியற்காலையிலிருந்து பாடுபட்டவனுக்கும் ஒரு பணம், பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் அதே ஒரு பணம். பீடி சுற்றும் தாயின் மகள் ஒருத்தி எழுந்து, "இது அநியாயம், டீச்சர்" என்றாள். கூலியின் அருமை தெரிந்த பிள்ளை. நான் மறுக்கவில்லை, கதையில் முறுமுறுத்தவர்களின் வழக்கும் அதுதானே. பிந்தி வந்தவர்களிலிருந்து கூலி கொடு என்கிறான் எஜமான். முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், ஒரு சண்டையும் வந்திருக்காது. அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றே நிறுத்திவைத்ததுபோல் இருக்கிறது.

'நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா', அதாவது பொறாமைப்படலாமா, என்று எஜமான் கேட்பதோடு கதை நின்றுவிடுகிறது. முறுமுறுத்தவன் என்ன பதில் சொன்னான் என்று மத்தேயு எழுதவில்லை. கட்டுரையாளர் அடுத்து இந்த உவமையை எடுத்துக்கொண்டு, இதில் எது எளிமை என்று விளக்கினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.