எங்கள் சிறிய ஐக்கியத்துக்கு ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு,

ஸ்தோத்திரம். என் மனைவி படுத்த படுக்கையாக இருந்த நான்கு மாதங்கள் ஒருவழியாக முடிந்துவிட்டன. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறாள். கூடுகையில் எழுந்து நின்று நன்றி சொல்ல முயன்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இந்த மடல்.

நாம் மொத்தமே பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டில் முறை வைத்துக்கொண்டு துணி துவைத்தீர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டீர்கள், இரவில் கண்விழித்தீர்கள். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். ஒரு தம்பி மட்டும் தினமும் வந்து பாத்திரங்களைத் துலக்கிவிட்டு, ஜெபம்கூடச் செய்யாமல் போய்விடுவான். எல்லாரும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்த நாள்களில் அவனுடைய மௌனம் எங்களுக்கு எத்தனை ஆறுதலாக இருந்தது என்பது அவனுக்கே தெரியாது.

ஆனால் என்னை எழுத வைத்தது வேறொன்று. நம்மில் ஒருவர், "அந்த வீட்டில் ஏதோ கீழ்ப்படியாமை இருக்கிறது, அதனால்தான் இந்த வியாதி" என்று சொன்னது என் காதுக்கு வந்தது. கொதித்துப்போய் நம் மூத்த அக்காவிடம் ஓடினேன். அவர் என்னை முடிக்கவே விடவில்லை. "இதை அவரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார். சகோதரன் குற்றம் செய்தால் தனியே அவனிடமே போய்ச் சொல் என்கிற மத்தேயு 18:15 எனக்கு மனப்பாடம். நானே அதைப் போதித்திருக்கிறேன். ஆறுதல் தேடிப் போனவனுக்கு வசனம் கிடைத்தால் எரிச்சல்தான் வரும், வந்தது. அக்கா அதோடு விட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். "நீங்கள் திரும்பி வரும்வரை உங்கள் மனைவியின் பக்கத்தில் நான் இருக்கிறேன், போய் வாருங்கள்" என்று கிளம்பிவிட்டார்.

போனேன். அந்தச் சகோதரர் முதலில் வாதாடினார். மறுநாள் மாலை வேதாகமத்தோடு வந்து, பிறவிக் குருடனைக் குறித்து, அது அவன் செய்த பாவமுமல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு சொன்ன யோவான் 9:3-ஐ என் மனைவியிடம் தானே வாசித்துக்காட்டி, மன்னிப்புக் கேட்டார். வியாழக்கிழமை இரவுகளை அவர் ஏற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

தமிழில் கீழ்ப்படிவதை "சொல் கேட்பது" என்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லிலும் கேட்பது என்ற பொருளே உள்ளே இருக்கிறது. அக்கா என் புகாரைக் கேட்க மறுத்ததால்தான் நான் அந்தச் சொல்லைக் கேட்டேன்.

1935-இல் ஜெர்மனியின் ஃபிங்கன்வால்டேயில் போதகர்களைப் பயிற்றுவித்த இறையியலாளர் போன்ஹோஃபர், அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசக்கூடாது, பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று விதி வைத்திருந்தார். அடுத்த கூடுகையில் நாமும் அப்படியே ஒத்துக்கொண்டோம். அதன் பின் இரண்டு முறை நான் தவறியிருக்கிறேன். இரண்டு முறையும் உரியவரிடம் போய்ச் சொன்னேன். ஒருவர் சிரித்தார், மற்றவர் சிரிக்கவில்லை. அவருடைய பொறுமைக்கும் சேர்த்தே இந்த நன்றி.

வருகிற கூடுகை எங்கள் வீட்டில். கதவைத் தானே திறப்பதாக மனைவி அடம்பிடிக்கிறாள். கொஞ்சம் நேரமாகும், அழைப்புமணியை இரண்டாம் முறை அழுத்தாமல் காத்திருங்கள்.

உங்கள் சகோதரன்